பிரெட் ஹாட்டோ, இப்பத்தைப் பொடியளோ? தொழில் தெரிஞ்சவர் ஆர்?

நல்லூர்_வடக்குவீதி:
நேரை கேக்கிறன். பழைய றெஸ்லிங்காரரையும் இப்ப உள்ளவையையும் பக்கத்தில நிறுத்தினால் ஆர் திறம்? உயரம், நிறை, நெஞ்சளவு எல்லாம் சின்னப்பிள்ளையள் காட் விளையாடுற கணக்கு, அதை விடுங்கோ. நான் கேக்கிறது தொழில்.

என்ர ஆள் பிரெட் ஹாட். சாட்சி, 1997 மார்ச் 23, சிக்காகோவுக்குக் கிட்ட, ரெஸில்மேனியா 13 எண்ட பெரிய வருசாந்தக் காட்சி. ஸ்ரீவ் ஓஸ்ரினோட சப்மிஷன் மட்ச், எதிராளியைத் தோல்வியை ஒத்துக்கொள்ள வைச்சால்தான் வெற்றி. ரெஃபரி கென் ஷம்ரொக். உள்ள வரேக்க பிரெட் நல்ல பக்கம், ஓஸ்ரின் கெட்ட பக்கம். வெளிய போகேக்க தலைகீழ். ஷாப்ஷூட்டர் எண்ட பிரெட்டின்ர கால்பிடிக்குள்ள முகமெல்லாம் ரத்தம் வழிய ஓஸ்ரின் மயங்கினார், ஆனால் தோல்வியை ஒத்துக்கொள்ளேல்லை. மணி அடிச்ச பிறகும் பிரெட் மயங்கிக் கிடக்கிறவன்ர காலை அடிக்க, சனம் பிரெட்டைக் கூவத் தொடங்கிச்சுது. ஆரும் மைக் பிடிச்சு விளக்கம் குடுக்கேல்லை. இருபது நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட, ரெண்டு பேரின்ர குணமும் மாறிப்போச்சு. இப்ப ஆர் உப்பிடிச் செய்யினம்?

கொக்குவில்_குட்டி:
அண்ணை, 2017 ஜனவரி 4, ரோக்கியோ டோம். ஒக்காடாவும் கெனி ஒமேகாவும், 46 நிமிசம் 45 செக்கன். ஒமேகாவின்ர கடைசி அடி ‘வன் விங்ட் ஏஞ்சல்’. எதிராளியைத் தோளில ஏத்தி இருத்தி, தலை கீழாய் வாறமாதிரி இறக்கிறது. அது விழுந்தால் மட்ச் முடிஞ்சுது எண்டு சனத்துக்குத் தெரியும். அந்த மட்ச் முழுக்க ஒமேகா அதுக்கு எத்தனையோ தரம் எத்தனிச்சார், ஒருக்காலும் விழேல்லை. ஒரு அடியைக் காட்டாமலே 46 நிமிசம் சனத்தைக் கதிரை நுனியில வைச்சிருக்கிறது தொழில் இல்லையோ? நீங்கள் இப்பத்தைப் பொடியள் எண்டால் குட்டிக்கரணம் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறியள்.

சுன்னாகம்_சந்தி:
எல்லாம் முதலே பேசி வைச்ச நாடகம். இதுக்கு ஏன் அடிபடுறியள்?

வடமராட்சிப்_பெட்டை:
காத்தவராயன் கடைசியில கழுவிலதான் ஏறுவான் எண்டு தெரியாமலோ விடிய விடிய இருந்து கூத்துப் பாக்கிறம்? முடிவு தெரியும். எப்பிடி ஆடுகினம் எண்டதுதான் கேள்வி. இங்கயும் பின்னுக்கு ஒரு அண்ணாவியார் இருப்பார். ஆர் வெல்லுறது, எத்தினை நிமிசம், எந்த இடத்தில திருப்பம் எண்டு சொல்லிக் குடுக்கிறது அவர். ரெஃபரியின்ர காதுக்குள்ள கருவி இருக்கும், நேரம் குறையுது எண்டால் அவர்தான் ஆட்டக்காரருக்கு மெல்லமாய்ச் சொல்லுறது. நடுவில உள்ளதை உள்ளுக்கை நிக்கிற ரெண்டு பேரும் கதைச்சுக் கதைச்சுக் கட்டுவினம். விழுகை மட்டும் நாடகம் இல்லை, 100 கிலோ உடம்பு உண்மையாய்த்தான் விழுது.

மானிப்பாய்_மெக்கானிக்:
விழுகையைப் பற்றிக் கதை வந்தபடியால் அதை வடிவாய்ச் சொல்லிவிடுறன். பிறகு அடிபடுங்கோ.

றிங் மெத்தை இல்லை. சுத்திவர இரும்புச் சட்டம், குறுக்கால இரும்பு வளை, அதுக்கு மேல பலகை, பலகைக்கு மேல மெல்லிய ஸ்பொஞ், கடைசியாய் இழுத்துக் கட்டின படங்கு. பெரிய அமெரிக்கக் கொம்பனி டபிள்யூடபிள்யூஈயின்ர றிங் 20 அடிக்கு 20 அடி, அதோட போட்டி போட்ட பழைய கொம்பனி டபிள்யூசிடபிள்யூவின்ரது 18 அடி. நடுப்பகுதி பலகை கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். ஓரம் குடுக்காது, ஏனெண்டால் நேரை கீழ சட்டம் நிக்குது. இப்பத்தை ஆக்கள் அந்த ஓரத்தில, வெளிவிளிம்பில, முதுகடிபட விழுறதைப் பாக்க எனக்கு விசர் வரும்.

பின்னுக்கு விழுற முறை: நாடியை நெஞ்சோட ஒட்டவேணும். கை ரெண்டையும் உடம்பில இருந்து 45 பாகை மட்டில விரிச்சு, உள்ளங்கையாலயும் முன்னங்கையாலயும் தளத்தை அறையவேணும். முதுகின்ர மேற்பாதி முழுக்க ஒரே நேரத்தில படவேணும். படேக்க மூச்சை வெளிய விடவேணும். நாடி எழும்பினால் பிடரி தளத்தில அடிபடும், மூளை அதிர்ச்சி அப்பிடித்தான் வாறது. பயத்தில கையைப் பின்னுக்கு ஊண்டினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். குண்டி முதல்ல பட்டால் அதிர்வு முள்ளந்தண்டு வழியாய் மேல ஏறும். மூச்சை அடக்கிக்கொண்டு விழுந்தால் நெஞ்சு அடைச்சுக் கொஞ்ச நேரம் எழும்ப ஏலாது.

கயிறும் ஒரே மாதிரி இல்லை. டபிள்யூடபிள்யூஈயில உண்மையான கயிறு, மேல ஒட்டுநாடா சுத்தியிருக்கும். கன இடங்களில இரும்புக் கேபிளுக்கு மேல ரப்பர் குழாய். கேபிள் இறுக்கமாய் நிக்கும், அதில ஏறிப் பாயலாம், ஆனால் ஓடிவந்து மோதேக்க விலாவில தழும்பு வைக்கும். கயிறு இளகும், அதை நம்பிப் பாயுறவன் சறுக்குவான். ஓடிவந்து மோதுறவன் ஒரு கையால மேல்கயிற்றைப் பிடிக்கிறதைக் கவனியுங்கோ. அது வடிவுக்கு இல்லை, கயிறு அறுந்தால் வெளிய போகாமல் இருக்க.

நல்லூர்_வடக்குவீதி:
நன்றி மெக்கானிக். என்ர கதைக்குத்தான் உதவி செய்யிறியள். ஒவ்வொரு விழுகைக்கும் உடம்பு விலை குடுக்குது எண்டால், விழுகை குறைவாயும் பெறுமதி கூடவாயும் இருக்கவேணும். இப்ப என்ன நடக்குது? தலைகுத்தற ஒருத்தனைப் போடுவான், ரெஃபரி ரெண்டு எண்ண அவன் எழும்புவான், 10 செக்கனில ஓடுவான். பத்து நிமிசம் முழங்காலில அடி வாங்கினவன் பிறகு அதே காலால மூலைத்தூணில ஏறிப் பாய்வான். நோவைக் காட்டத் தெரியாது. பிரெட் மூலைத்தூணில நெஞ்சு அடிபட மோதுற மோதலை ஒருக்கால் பாருங்கோ. முதுகால மோதுறதுதான் எல்லாரும் செய்யிறது, அவர் நெஞ்சைக் குடுப்பார். ஒரு மோதல், பிறகு மூண்டு நிமிசம் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார்.

கொக்குவில்_குட்டி:
பிரெட்டின்ர கடைசி அஞ்சு அடியை ஆரும் பாடமாக்கலாம் அண்ணை. கவட்டடி முழங்காலில, காலைத் தட்டிச் சாய்க்கிறது, முதுகை முழங்காலில போடுறது, ரெண்டாங் கயிற்றில இருந்து முழங்கை, பிறகு ஷாப்ஷூட்டர். மட்சுக்கு மட்சு அதே ஒழுங்கு. ஜோன் சீனா உப்பிடிச் செய்தால் ‘அஞ்சு அடி சீனா’ எண்டு பகிடி, பிரெட் செய்தால் தொழில்!

நல்லூர்_வடக்குவீதி:
தம்பி, ஒழுங்கில அர்த்தம் இருக்குது. அந்த அஞ்சில ரெண்டு இடுப்புக்கும் முதுகுக்கும். ஷாப்ஷூட்டர் எங்க நோகும்? இடுப்பிலயும் முதுகிலயும். அப்ப பிடி விழேக்க சனம் நம்பும். சீனாவின்ர தோளடிக்கும் முகத்தில குத்துக்கும், தோளில தூக்கிப் போடுறதுக்கு என்ன தொடர்பு?

வடமராட்சிப்_பெட்டை:
ஷாப்ஷூட்டர் எண்டு எல்லாரும் சொல்லுறியள், போடத் தெரியாமல் போடுறவையையும் சேத்து. எதிராளி மல்லாந்து கிடக்கிறான், ரெண்டு காலையும் தூக்கிப் பிடி. உன்ர ஒரு காலை அவன்ர ரெண்டு தொடைக்கும் நடுவில வை. அவன்ர காலுகளை உன்ர காலைச் சுத்திக் குறுக்கு மறுக்காய் மடி. மடிச்சதை உன்ர கமக்கட்டுக்குள்ள இறுக்கு. இப்ப அவனைத் தாண்டிக் கால் வைச்சுத் திரும்பு, அவன் குப்புறப் புரளுவான். பிறகுதான் முக்கியம்: முழங்காலை மடிச்சுக் கீழ இரு, பின்னுக்குச் சாய். அவன்ர இடுப்பு தளத்தை விட்டு எழும்பவேணும்.

ரொக் எண்ட றெஸ்லிங்காரர் போடுறதைப் பாருங்கோ. நிமிந்து நிக்கிறார், கால் குறுக்காய் விழாமல் அவிழ்ந்து கிடக்குது. கீழ கிடக்கிறவன் அங்க நித்திரை கொள்ளலாம். ரொக்கும் பழைய ஆள்தானே அண்ணை? அதோட, உந்தப் பிடியை ஜப்பானில ரிக்கி சோஷு ‘தேள்பிடி’ எண்டு பிரெட்டுக்கு முதலே போட்டவர்.

கொக்குவில்_குட்டி:
நல்லாய்ச் சொன்னாய் தங்கச்சி. ‘பழைய ஆக்கள் ஆரையும் காயப்படுத்தமாட்டினம்’ எண்ட கதையையும் இப்பவே உடைப்பம். 1997 ஓகஸ்ட் 3, சமர்ஸ்லாம். பிரெட்டின்ர தம்பி ஓவன் ஹாட், ஓஸ்ரினைத் தலைகீழாய்ப் பிடிச்சுத் தலை கீழ வர இறக்கிற பைல்டிரைவர் போட்டார். ஓஸ்ரினுக்குக் கழுத்து அடிபட்டுக் கொஞ்ச நேரம் கை கால் அசையேல்லை. 2003இல ஓஸ்ரின் ஒதுங்கினதுக்கு வேர் அங்கதான்.

மானிப்பாய்_மெக்கானிக்:
அது ஏன் பிழைச்சது எண்டதையும் சொல்லவேணும். அண்டர்ரேக்கர் தன்ர பைல்டிரைவர் வகையான ரூம்ஸ்ரோன் போடேக்க முழங்காலில இறங்குவார். கீழ தொங்குறவன்ர தலை அவற்ற தொடையளுக்கு நடுவில, முழங்காலுக்கு மேல நிக்கும். முழங்கால் தளத்தில படேக்க தலைக்கும் தளத்துக்கும் இடைவெளி இருக்கும். ஓவன் அண்டைக்கு இருந்தபடி, குண்டி பட இறங்கினார். இருந்தபடி இறங்கினால் தொடை மட்டம் தளத்தோட போயிடும், தலை அதுக்குக் கீழ துருத்திக்கொண்டு நிக்கும். இடைவெளி எங்க இருக்கும்? உள்ள முழு நிறையும் கழுத்தில. பிறகு பைல்டிரைவரை டபிள்யூடபிள்யூஈ அண்டர்ரேக்கருக்கும் கேனுக்கும் மட்டும் எண்டு வைச்சதுக்குக் காரணம் உதுதான், ரெண்டு பேரும் உயரம், முழங்காலில இறங்கிறவை.

வடமராட்சிப்_பெட்டை:
இன்னும் ஒண்டு. 1999 ஜனவரி 24, றோயல் றம்பிள். மிக் ஃபோலியின்ர கையைப் பின்னுக்கு விலங்கு போட்டுக்கொண்டு ரொக் தலையில கதிரையால பத்துக்கு மேல அடிச்சார். கை கட்டியிருந்தால் கதிரையைத் தடுக்க ஏலாது, தகரம் நேரை மண்டையில. தலையில கதிரை அடியை டபிள்யூடபிள்யூஈ 2010இலதான் நிப்பாட்டினது. இப்ப முதுகில அடிக்கினம். உதைக் கோழைத்தனம் எண்டு சொல்லுற பழைய ரசிகர்மாரை எனக்கு விளங்குதில்லை.

நல்லூர்_வடக்குவீதி:
அதை நான் கோழைத்தனம் எண்டு சொல்லேல்லைப் பிள்ளை. ஆனால் இப்பவும் தலையில இறக்கிறதுதானே நடக்குது? ஜப்பான் றெஸ்லிங்காரர் மிசாவா 1991இல ஆக்கின ‘ரைகர் டிரைவர் 91’. ரெண்டு கையையும் பூட்டிப்போட்டு தலையில இறக்கிறது, கையால தளத்தை அறைஞ்சு தப்ப ஏலாது. மெக்கானிக் சொன்ன விழுகை விதி முழுக்க அங்க உடையுது. மிசாவா 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில, சாதாரணமாய்ப் பின்னுக்குத் தூக்கிப் போட்ட ஒரு அடியில செத்தவர். வருசக்கணக்காய் அடி வாங்கின கழுத்து. அது தெரிஞ்சும் இப்பத்தைப் பொடியன் ஒஸ்பிரே 2023இல ரொறன்ரோவில ஒமேகாவுக்கு அதே அடியைப் போட்டார். 2025இல ஒஸ்பிரேயே கழுத்துக் காயத்தோட வெளிய போனார்.

கொக்குவில்_குட்டி:
மிசாவா உங்கட காலத்து ஆள் அண்ணை. அவற்ற கணக்கை என்ர தலையில எழுதாதேங்கோ.

சுன்னாகம்_சந்தி:
சரி, நாடகம் எண்டு சொன்னதை வாபஸ் வாங்கிறன். அப்ப ஆர் கூட நாள் சம்பியனாய் இருந்தவர் எண்டு பாத்து முடிவெடுக்க ஏலாதோ?

வடமராட்சிப்_பெட்டை:
ஏலாது. புரூனோ சமார்ட்டினோ 1963 மே தொடக்கம் 1971 ஜனவரி வரை 2,803 நாள். ரோமன் ரெய்ன்ஸ் 2020 ஓகஸ்ட் தொடக்கம் 2024 ஏப்ரல் வரை 1,316 நாள். ஆனால் ரோமன் கடைசிக் காலத்தில மாசக்கணக்காய்ப் பட்டியைத் தோளில போட்டுக்கொண்டு வீட்டை இருந்தவர். புரூனோ ஊர் ஊராய்ப் போய்த் தன்ர பேரால மண்டபம் நிரப்பவேண்டியிருந்தது. ஜிண்டர் மஹால் 2017இல 170 நாள் சம்பியன். அவரை ஓவன் ஹாட்டை விடத் திறம் எண்டு சொல்லுவியளோ? ஓவன் ஒருக்காலும் உலகச் சம்பியன் இல்லை.

மானிப்பாய்_மெக்கானிக்:
உடம்புப் பலத்தையும் கெட்டித்தனத்தையும் குழப்புறதுக்கு உதாரணம் புரொக் லெஸ்னர். 2003 ரெஸில்மேனியா 19, சியற்றில். ஏறத்தாழ 130 கிலோ உடம்போட மூலைத்தூணில இருந்து ‘ஷூட்டிங் ஸ்ரார்’. முன்னுக்குப் பாய்ஞ்சபடி பின்னுக்குச் சுழலுறது. கீழ கிடந்த கேர்ட் அங்கிள் தூணில இருந்து மெத்தத் தூரம். தூரத்துக்குப் பாய்ந்தால் உயரம் குறையும், உயரம் குறைஞ்சால் சுழல நேரம் காணாது. சுழற்சி முடிய முதல் தலை தளத்தில குத்திச்சுது. அங்கிள் ரெண்டடி கிட்டக் கிடந்திருக்கவேணும், இல்லாட்டி லெஸ்னர் இறங்கி வந்து வேற ஏதும் செய்திருக்கவேணும். பிடிக்கிற ஆள் பிழைச்சாலும் இதே கதைதான்: 2009இல ஷோன் மைக்கல்ஸோட நடந்ததில அண்டர்ரேக்கர் மேல்கயிற்றுக்கு மேலால வெளிய பாய, கமராக்காரன் வேசத்தில நிண்டவர் பிடிக்கத் தவறி, அண்டர்ரேக்கர் தலைகுத்தற விழுந்தார். அரை மணித்தியால மட்ச் எண்டு கொண்டாடுறம், கழுத்து முறியாதது தற்செயல்.

கொக்குவில்_குட்டி:
அப்ப நான் கடைசியாய் ஒரு பேர் வைக்கிறன். குன்தர். 2022 செப்ரெம்பர் 3, கார்டிஃப், ஷேமஸோட. தலைகுத்தற இறக்கிறதையோ பாய்ச்சலையோ நம்பின மட்ச் இல்லை. கூடவாய் நெஞ்சில உள்ளங்கை அடிதான். ஷேமஸின்ர நெஞ்சு சிவந்து கண்டிப் போச்சு. ஏறத்தாழ 20 நிமிச மட்ச், முடிவில சனம் எழும்பி நிண்டது. டபிள்யூடபிள்யூஈயின்ர இன்டர்கொன்டினென்ரல் பட்டியை 666 நாள் வைச்சிருந்தவர், ஹொங்கி ரொங்க் மானின்ர 454 நாளை முறிச்சவர். இப்பத்தைப் பொடியன்தான்.

நல்லூர்_வடக்குவீதி:
குன்தரை நான் எடுத்துக்கொள்ளுறன் தம்பி. அவர் பிறந்ததுதான் இப்ப. விளையாடுறது பழைய விளையாட்டு.

கொக்குவில்_குட்டி:
உது அநியாயம். நல்லவை எல்லாம் உங்கட பக்கம், கெட்டது எல்லாம் எங்கட பக்கமோ?

வடமராட்சிப்_பெட்டை:
குன்தரை வைச்சே ஒரு கேள்வி. 2025 டிசம்பர் 13, வோஷிங்ரன், சீனாவின்ர கடைசி மட்ச். வருசக்கணக்காய் ‘விட்டுக்குடுக்கமாட்டன்’ எண்டு சட்டையில எழுதிக்கொண்டு திரிஞ்ச மனிசன், குன்தரின்ர கழுத்துப் பிடிக்குள்ள சிரிச்சுப்போட்டு, தோல்வியை ஒத்துக்கொண்டு கையால தட்டினார். ஓஸ்ரின் 1997இல தட்டாமல் மயங்கினதும், சீனா சிரிச்சுத் தட்டினதும், எது திறமான முடிவு?

நல்லூர்_வடக்குவீதி:
ஓஸ்ரின். சிரிப்பு என்னத்துக்கு? கழுத்து நெரிபடுறவன் சிரிப்பானோ?

கொக்குவில்_குட்டி:
சீனா. சிரிப்பில்லாட்டி அது வெறும் தோல்வி அண்ணை. சிரிச்சபடியால் தானாய் விட்டுக்குடுத்தது.

மானிப்பாய்_மெக்கானிக்:
ரெண்டு பேரும் பிடியைப் பாக்கேல்லை. குன்தர் முன்னங்கையால தொண்டையை அமத்தாமல், முழங்கையின்ர மடிப்பைத் தொண்டைக்கு நேரை வைச்சுக் கழுத்தின்ர ரெண்டு பக்கத்தையும் நெரிக்கிறார். மூச்சு போகும், ரத்தம்தான் போகாது. அப்பிடி எண்டால் மயங்க முதல் முகம் இளகும். சிரிப்பு மாதிரியும் தெரியலாம்.

நல்லூர்_வடக்குவீதி:
உதை நீர் இப்ப ஆக்கின கதை எண்டு எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பப் போட்டுப் பாக்கிறன்.