நெபுலைசரில் லாசிக்ஸ் வச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?

காவிரிக்கரையான்:
அப்பாவுக்கு 71 வயசு, ஹார்ட் ஃபெயிலியர். எக்கோவில் பம்பிங் 30 சதவீதம்னு போட்டிருந்தாங்க. உடம்பில் தேங்கின தண்ணியை யூரினா வெளியேத்துற லாசிக்ஸ் (ஃபுரோசமைடு) மாத்திரை தினமும் உண்டு. போன மாசம் மூணே நாளில் 2 கிலோ ஏறிட்டார். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தா குழி அப்படியே நிக்குது. ராத்திரி மூணு தலையணை வச்சும் படுக்க முடியல, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விடிஞ்சுது. மாத்திரை போட்டும் ஒண்ணுக்கு சரியா போகல.

மச்சான் சொன்னான்: "தண்ணி நுரையீரல்லதானே மாமா இருக்கு? வீட்லதான் நெபுலைசர் இருக்கே, மருந்தை நேரா அங்கயே விடுங்க." கேட்க நல்லாத்தான் இருந்தது. மெடிக்கலுக்குப் போய் ரெண்டு லாசிக்ஸ் ஊசி மருந்து ஆம்பூல் வாங்கிட்டும் வந்துட்டேன். அம்மாதான் விடல, ஆட்டோ பிடிச்சுட்டாங்க.

டியூட்டி டாக்டர் திட்டல. படம் போட்டுக் காட்டினார். தண்ணி நிக்கிறது நுரையீரலில், ஆனா மருந்து வேலை செய்ற இடம் சிறுநீரகம். ரத்தம் வழியா அங்கே போய்ச் சேர்ந்து, உப்பைத் திரும்ப உறிஞ்ச விடாம தடுக்கணும். உப்போட தண்ணியும் வெளியே போகும். உடம்பு வீங்கினா குடலும் வீங்கும், அதனால மாத்திரை உள்ளே ஏற நேரமாகும். நரம்பில் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் யூரின் பை நிறைய ஆரம்பிச்சுது.

அப்போ நெபுலைசரில் இதை யாருமே வைக்கிறதில்லையா?

வார்டு அக்கா:
வைக்கிறோம் தம்பி, ஆனா தண்ணி இறக்க இல்லை. நான் வலி நிவாரண வார்டில் நர்ஸ். புற்றுநோய் முத்தி மூச்சு வாங்குறவங்களுக்கு, மார்ஃபின் கொடுத்தும் அடங்கலன்னா டாக்டர் சொல்லி 40 மி.கி. வச்சிருக்கோம். ஒரு பாட்டி கால் மணி நேரம் கழிச்சு, "நெஞ்சு மேல இருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துட்டாங்க"ன்னாங்க. பையில் யூரின் அளவு அதிகமாகவே இல்லை! நுரையீரல் விரியறதை மூளைக்குச் சொல்ற நரம்புகளை அது கூடுதலா தூண்டி விடுது, அதனால மூச்சு முட்டுற உணர்வு குறையுதுன்னு விளக்கம் சொல்றாங்க. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு அதே மருந்து, அதே அளவு, ஒரு பலனும் இல்லை. ஆய்வு முடிவுகளும் இப்படித்தான், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. 1980களின் கடைசியில் இத்தாலியில் ஆஸ்துமாவுக்குக்கூட முயற்சி பண்ணினாங்க, வழக்கமான சிகிச்சையா அது நிலைக்கல.

வீட்ல நீங்களா வைக்காதீங்க. தண்ணி கோத்து மூச்சு முட்டுற ஆளுக்கு வீணாகிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து.

டாலஸ் தமிழன்:
இங்கே அண்ணனுக்கு வயித்தில் ஒட்டுற சின்னக் கருவி கொடுத்தாங்க. தோலுக்கு அடியில் 5 மணி நேரத்தில் இதே ஃபுரோசமைடு 80 மி.கி. தானா இறங்கும். 2022ல் அனுமதி வந்தது. மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயும் 2025ல் வந்திருக்கு, அது புமெட்டனைடு, இதே வகை மருந்து. மூக்குன்னதும் நானும் நுரையீரலுக்குப் போகுதுன்னு நினைச்சேன். இல்லையாம், மூக்குச் சவ்வு வழியா ரத்தத்துக்கு, அங்கிருந்து அதே சிறுநீரகத்துக்குத்தான். விலையைக் கேட்டா நமக்கு மூச்சு வாங்கும்.

காவிரிக்கரையான்:
நன்றிக்கா. ஆம்பூலை மெடிக்கலில் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். அங்கேயே ஒரு எடை மெஷின் வாங்கி வந்து கக்கூஸ் வாசல்ல வச்சிருக்கேன். அப்பா தினமும் காலையில் ஏறி நின்னு, காலண்டர் தாளில் எழுதிட்டுத்தான் காபி கேட்கிறார். இன்னிக்கு 63.4.