பீமும் குழாயும் ஒரே இடத்தில்: உங்கள் அனுபவம் தேவை

வணக்கம். திருச்சியில் மூன்று மாடி மருத்துவமனை ஒன்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஆர்க்கிடெக்ட், பிளம்பிங், மின்சாரம், ஏசி எல்லாம் தனித்தனி அலுவலகங்கள்.

முதல் தளத்தில் 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய் போகவேண்டிய பாதையில் 450 மி.மீ. பீம் (தளத்தைத் தாங்கும் உத்தரம்) குறுக்கே நிற்கிறது. கான்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. தூணை ஒட்டித் துளை போட்டுவிடலாம் என்றார்கள். அங்கேதான் பீமில் வெட்டுவிசை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) மிக அதிகம், அதைத் தாங்கும் ஸ்டிரப் (வளையக்) கம்பிகளும் நெருக்கமாக இருக்கும். உறுதியாக மறுத்துவிட்டேன். பீமுக்கு அடியில் கொண்டுபோனால், 6 மீட்டர் தூரத்துக்கு 60-க்கு 1 சரிவு விட்டாலே குழாய் 100 மி.மீ. இறங்கும். கீழே அறுவை அரங்கின் ஏசி டக்ட் இருக்கிறது.

கழிப்பறையை இரண்டடி நகர்த்திய திருத்தம் பிளம்பிங் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, எனக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய பிடிஎஃபில் திருத்த எண்ணே இல்லை. முன்பே தெரிந்திருந்தால் பீமின் நடுப்பகுதியில் கான்கிரீட் போடுமுன்பே ஒரு ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறை) வைத்து முடித்திருப்பேன். மனம் ஆறவில்லை.

இன்னும் இரண்டு தளங்கள் பாக்கி. எல்லாருடைய வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் பொறுப்பை உங்கள் பணிகளில் யார் ஏற்கிறார்கள்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? கான்கிரீட் போடுமுன் நான்கு தரப்பும் கையெழுத்திடும் தாள் யாரிடமாவது இருந்தால் மாதிரி அனுப்ப முடியுமா? இந்த அளவுக் கட்டிடத்துக்கு முப்பரிமாண மாதிரி செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அடுத்த ஸ்லாப் பத்து நாளில்.