மாத்திரை கேட்கப் போன இடத்தில் நடந்தது: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நடைப்பயிற்சிக்காரன்:
நாலு வருடமாகியும் அந்த ஒரு நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை. எனக்கு அப்போது வயது 44. பிரச்சினை விறைப்புக் குறைதான், இங்கே அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் சமாளித்துப் பார்த்தேன், அப்புறம் மாத்திரை எழுதி வாங்கிவிடலாம் என்று போனேன். டாக்டர் பேனாவைத் தொடவே இல்லை. "சாக்ஸைக் கழற்றுங்கள்" என்றார். நான் எதற்கு வந்தேன், இவர் காலைப் பார்க்கிறாரே என்று எரிச்சல். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த அதே இசைக்கவையைத் தட்டி, கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்." நின்றுவிட்டது என்றேன். அதை அப்படியே எடுத்து என் மணிக்கட்டில் வைத்தார். கிர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மாத சர்க்கரை சராசரி 9.6. 6.5 வந்தாலே சர்க்கரை நோய். அதுவரை நான் சோதித்ததே இல்லை. நரம்பு, ரத்தக்குழாய் இரண்டும் அடிவாங்கியிருந்தன. விறைப்புக்கான மாத்திரையும் கொடுத்தார், ஆனால் சர்க்கரை மாத்திரைக்கு அப்புறம்தான்.

மனைவி ஒருத்தி:
பெண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். கணவருக்கு நெஞ்சுவலி, அவசரப் பிரிவு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நர்ஸ் பிரித்துவிட்டார். டாக்டர் குனிந்து, "இரண்டு நாளைக்குள் விறைப்புக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். பக்கத்தில் மகன் நிற்கிறான். ஷேவிங் பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கிறது, நாலில் மூன்று காலி. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. "நேற்று ராத்திரி போட்டார்" என்றேன். நர்ஸின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகுமாம். வேறு மருந்து கொடுத்து, ஸ்டென்ட் வைத்து, பிழைத்துவிட்டார். ஆனால் குறை தொடங்கி அப்போதே மூன்று வருடம். அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான், இதயக் குழாய் 3, 4 மில்லிமீட்டர், அதனால் அடைப்பு முதலில் சின்னதில்தான் தெரியும் என்று பிறகு சொன்னார்கள். வயதாகிவிட்டது என்று இருவருமே பேசாமல் இருந்துவிட்டோம்.

இருபத்தெட்டு:
மேலே எழுதியவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதைப் படிக்கும் என் வயதுக்காரன் நாளைக்கே மாரடைப்பு வரும் என்று நடுங்கிப் போவான். எனக்கு எல்லாப் பரிசோதனையும் சரி. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "காலையில் எழும்போது விறைப்பு எப்படி?" நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், பயம்தான் தடுக்கிறது என்றார். ஒருமுறை தவறியதை நினைத்து நினைத்தே அடுத்த முறையும் தவறியது. மனநல ஆலோசகரிடம் நான்கு மாதம் போனேன். நடைப்பயிற்சி அண்ணா, எல்லாவற்றுக்கும் சர்க்கரையும் அடைப்பும்தான் காரணம் என்று ஆகிவிடக் கூடாது.

ஓய்வில் இருப்பவன்:
தம்பி, அண்ணா அப்படிச் சொல்லவே இல்லை, திரும்பப் படியுங்கள். இளவயதிலும் சர்க்கரை, பிரஷர் பார்ப்பதில் தப்பில்லை.

என் கதை சின்னது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை. "இது வரலாம்" என்று முன்பே சொல்லியிருந்தார்கள், வந்தது.

சொல்ல வேண்டியது வேறு. ஒரு மாத்திரை போட்டுவிட்டு "பலிக்கவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள். சில்டெனாஃபில் என்ற விறைப்பு மாத்திரையை எண்ணெய் நிறைந்த சாப்பாட்டுக்கு மேல் போட்டால் தாமதமாகத்தான் ஏறும். டடாலாஃபில் என்ற இன்னொரு மாத்திரையின் பலன் 36 மணி நேரம் வரை உடம்பில் இருக்கும். எதுவானாலும் ஆசை எழாமல் தானாக வேலை செய்யாது. பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை சிலவற்றாலும் இந்தக் குறை வரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சிகரெட்டை விடுங்கள். மூலிகை என்று விற்கும் பொடிகளில் சில்டெனாஃபிலையே கலந்து பிடிபட்டிருக்கிறார்கள், நெஞ்சுவலி மருந்து சாப்பிடுகிறவருக்கு அது விஷம். மாத்திரை பலிக்காவிட்டால் வெற்றிடப் பம்ப் உண்டு, அந்த உறுப்பில் நாமே போட்டுக்கொள்ளும் ஊசி உண்டு, கடைசியாக உள்ளே பொருத்தும் கருவியும் உண்டு. எனக்கு ஊசிதான் பலித்தது. முதல் தடவை கை நடுங்கியது, இப்போது இல்லை. விறைப்பு நாலு மணி நேரம் தாண்டினால் வெட்கப்படாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நடைப்பயிற்சிக்காரன்:
தம்பி சொன்னதும் சரிதான், எனக்குக் கோபமில்லை. அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் சொன்னதற்கு அவர் அப்புறம் ஏதாவது பேசினாரா?

மனைவி ஒருத்தி:
ஒரு மாதம் பேசவில்லை. ஒருநாள் அந்த ஷேவிங் பெட்டியை என் முன்னால் திறந்து வைத்து, "எப்போதிலிருந்து தெரியும்?" என்று கேட்டார். முதல் அட்டையிலிருந்தே என்றேன். இப்போது இதய டாக்டரிடம் போகும்போது என்னையும் உள்ளே கூப்பிடுகிறார்.