ஒக்டோபரில் ஜெர்மனிக்கு ஒரு செமெஸ்டர்: பெயர், காசு, பெட்டி எல்லாமே குழப்பம்

தென்மராட்சிப் பெட்டை கேட்டது:

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் மூன்றாம் வருசம் படிக்கிறேன், வீடு சாவகச்சேரி. மேற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமெஸ்டர் படித்துவிட்டு வரும் மாணவர் பரிமாற்றத்துக்கு எடுபட்டிருக்கிறேன், ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை. அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, உதவித்தொகைக் கடிதமும் வந்துவிட்டது, அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தும் முடித்துவிட்டா, ஆனால் இனி எதை முதலில் செய்வதென்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. எங்கள் பட்ச்சில் இப்படிப் போகும் முதல் ஆள் நான்தான்.

முதல் பிரச்சினை பெயர். பிறப்புப் பத்திரத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது, அப்பாவின் பெயர் வேறு கூட்டில். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக வந்திருக்கிறது. கம்பஸ் டிரான்ஸ்கிரிப்டில் அப்பா பெயரின் முதலெழுத்தும் என் பெயரும். ஜெர்மனியில் இருந்து வந்த கடிதத்திலோ அப்பாவை முதற்பெயராக்கி என்னைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தும் ஒத்துவரவில்லை, கடவுச்சீட்டில் வி, டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ. இது விசாவுக்கு இடிக்குமா?

இரண்டாவது காசு. உதவித்தொகை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மட்டுமட்டாகப் போதும், ஆனால் தூதரகம் கேட்கும் மாதத் தொகைக்குக் கொஞ்சம் குறைகிறது. டோட்மண்டில் பெரியப்பா இருக்கிறார், "நான் இருக்கிறேன், நீ ஒன்றுக்கும் யோசியாதே" என்கிறார். கம்பஸில் சிலர் சொல்வது வேறு. சொந்தக்காரர் அங்கே இருப்பதைத் தூதரகத்தில் மூச்சும் விடாதே, திரும்பி வரமாட்டாய் என்று நினைத்து விசா தரமாட்டார்கள் என்கிறார்கள். சொல்வதா விடுவதா?

பலாலி விமான நிலையத்தில் ஏறி சென்னை வழியாகப் போனால் கொழும்புக்கு அலையத் தேவையில்லை என்று தம்பி நிற்கிறான், சரிவருமா? பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்றும் சொல்லுங்கள். அம்மா ஏற்கெனவே மிளகாய் இடிக்கக் கொடுத்துவிட்டா.

ஆரியகுளத்தடி பதில்:

வாழ்த்துக்கள் தங்கச்சி. நானும் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் படிக்கும்போது இதே மாதிரி ஒரு செமெஸ்டர் போய் வந்தவன்தான், ஊர் வேறு, அலைச்சல் ஒன்றுதான்.

பெயர் விசயத்தில் கடவுச்சீட்டுத்தான் தலை, மற்ற எல்லாக் கடதாசியும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். ஆகவே கடவுச்சீட்டில் கை வைக்காதீர்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இன்றைக்கே கடவுச்சீட்டின் படப் பக்கத்தை இணைத்து எழுதி, அதில் உள்ளபடியே கடிதத்தைத் திருத்தித் தரக் கேளுங்கள். உதவித்தொகைக் கடிதத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றில் பிழை விட்டவர்கள் மற்றதிலும் அதைத்தான் விட்டிருப்பார்கள். நம்மூர்ப் பெயர்கள் அவர்களுக்கு எப்போதும் தலைகீழாகத்தான் போகும், அதனால் கூச்சப்படாமல் கேட்கலாம். டிரான்ஸ்கிரிப்டுக்குப் பீட அலுவலகத்தில் திருத்தக் கடிதம் கொடுங்கள். அது இழுபட்டால், இரண்டு எழுத்திலும் உள்ள ஆள் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள், திருத்திய டிரான்ஸ்கிரிப்ட் வரும்வரைக்கும் அது உதவும்.

பிறப்புப் பத்திரம் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, "பெயரை இந்த எழுத்திலேயே எழுதுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் காதில் விழுகிற மாதிரி எழுதுவார், அப்போது மூன்றாவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறக்கும். வெளிநாட்டமைச்சின் முத்திரை தேவைப்பட்டால் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, அவர்களின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் தூதரகம் கேட்காத கடதாசிக்கெல்லாம் முத்திரை குத்திக் காசு கரைக்க வேண்டாம், பிழை திருத்துவதற்கு முன் குத்தவே வேண்டாம். (கடவுச்சீட்டே இன்னும் எடுக்காமல் இதை வாசிக்கிற ஆட்களுக்கு: 2025 செப்டெம்பரில் கச்சேரியில் குடிவரவுத் திணைக்களத்தின் அலுவலகம் திறந்தாயிற்று, முன்னைப்போல வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ பஸ் ஏறத் தேவையில்லை.)

பலாலிக் கதையை விடுங்கள். அங்கிருந்து சென்னைக்குப் போவது சின்ன விமானம், அதன் டிக்கெட் வேறு, சென்னையில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும் டிக்கெட் வேறு என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இந்தியாவுக்குள் நுழைய வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதை விட்டால் ஒருவரும் பொறுப்பில்லை. இரவு பஸ்ஸில் கொழும்பு, பிறகு கட்டுநாயக்கா, ஒரே டிக்கெட்டில் டோகாவோ துபாயோ மாறிப் போய் இறங்குங்கள். தூதரகத்துக்கு எப்படியும் கொழும்பு போகத்தானே வேண்டும். விசாவுக்குத் தூதரகம் தரும் அந்தத் திகதியை எடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. கடதாசி எல்லாம் சேர்ந்தபிறகு திகதி பார்க்கலாம் என்று இருந்தால் ஒக்டோபர் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அங்கே எடுக்கப்போகும் பாடங்களை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கும் லேர்னிங் அக்ரிமென்ட் என்ற ஒன்று இருக்கும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு முழு செமெஸ்டர் 30 கிரெடிட். அந்தப் பாடங்கள் நம்முடைய எந்தப் பாடங்களுக்கு ஈடு என்பதைப் பீடச் சபையில் வைத்து எழுத்தில் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். "போய்விட்டு வாரும், பிறகு பார்ப்பம்" என்று ஒரு விரிவுரையாளர் அன்பாகச் சொல்வார், நல்ல மனுசன்தான், ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்தால் அந்த செமெஸ்டரை அடுத்த பட்ச்சோடு இருந்து மறுபடி படிக்க வேண்டிவரும். அங்கே போனபின் பாட நேரங்கள் மோதி ஒன்றிரண்டை மாற்ற வேண்டிவருவது சாதாரணம், மாற்றியதையும் உடனே மின்னஞ்சலில் பீடத்துக்கு அறிவித்து பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஹாம் கோயிலடி பதில்:

பிள்ளை, காசுக் கதைக்கு நான் வாறன், ஜெர்மனியில் இந்தப் பக்கம் கன காலமாய் இருக்கிற ஆள்.

முதலில், பெரியப்பாவை மறைக்காதேயும். மறைத்துவிட்டு அவர் வீட்டு விலாசத்தையோ அவர் போட்ட காசையோ வேறு கடதாசியில் காட்டினால் அதுதான் விசாவைக் கெடுக்கும். சொந்தம் இருப்பது குற்றமில்லை, யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்கவேண்டும், அது அந்த அதிகாரிக்கும் தெரியும். அவர்கள் பார்ப்பது நீர் சொல்வதும் கடதாசி சொல்வதும் ஒன்றா என்பதைத்தான். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், ஆர் காசு கட்டுவது, முடிந்தபின் என்ன செய்வீர், இந்த மூன்றுக்கும் உம்முடைய வாயால் தெளிவாகப் பதில் வரவேண்டும். நாலாம் வருசம் மிச்சம் இருக்கிறது, பட்டம் ஊரில்தான் என்பது உமக்கு நல்ல பலம். கம்பஸின் விடுப்பு அனுமதிக் கடிதத்தை மேலே வைத்துக் கொடும்.

இங்கே மாணவருக்கு மாதம் 992 யூரோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், வருசத்துக்கு 11,904. முழு வருசம் படிக்க வருகிறவர்கள் அதை, மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற முடக்கிய கணக்கு ஒன்றில் போட்டுவிட்டு மாதாமாதம் எடுக்கிறார்கள், நம்மூர்க் காசில் 40 இலட்சத்தைத் தாண்டும். உமக்கு ஆறு மாதமும் உதவித்தொகையும் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை, குறைகிற தொகைக்கு மட்டும் வழி காட்டினால் சரி. அதற்கு இரண்டு பாதை. ஒன்று, பெரியப்பா அந்த மிச்சக் காசை உம்முடைய பெயரில் முடக்கிய கணக்கு ஒன்றில் போடுவது. மற்றது, அவர் தன் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சிட்டையோடு போய் உமக்குப் பொறுப்பு நிற்கிறேன் என்று பத்திரம் முடிப்பது. ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங் என்பார்கள், வாயில் நுழையாவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லும், கட்டணம் 29 யூரோ. அது வெறும் கடிதமில்லை. உம்மால் அரசுக்கு ஏதும் செலவு வந்தால் சட்டப்படி அவர்தான் கட்டவேண்டும். "நான் இருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல, ஆகவே அவருக்கு விளங்கப்படுத்திவிட்டுக் கேளும். அவர் தயங்கினால் கோவிக்காமல் முதல் பாதைக்கு வாரும், எனக்கென்றால் அதுதான் நல்லது, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருவருக்கும் கடமைப்பாடு இல்லை.

வந்த உடனே விலாசப் பதிவு. குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகரசபையில் பதியவேண்டும், வீடு தந்தவர் கையெழுத்திட்ட பத்திரம் இல்லாமல் பதிய ஏலாது. வங்கிக் கணக்குக்கும் மற்ற அலுவல்களுக்கும் அந்தப் பதிவுத் துண்டைத்தான் கேட்பார்கள். அப்புறம் ஆரும் "வார இறுதியில் கடையில் வந்து நில், கையில் காசு தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லும். விசாவில் அனுமதி இருந்தால் வருசத்துக்கு 140 முழு நாள் சட்டப்படியே வேலை செய்யலாம், ஒப்பந்தத்தோடு செய்யும்.

தென்மராட்சிப் பெட்டை:

இரண்டு பேருக்கும் கோடி நன்றி. சர்வதேச அலுவலகத்துக்கு இப்போதே எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி இருக்கு. விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டாம், எங்கள் வீட்டில் நில் என்று பெரியப்பா சொல்கிறார், அங்கிருந்து கம்பஸுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அடுத்தது கொஞ்சம் சங்கடமான கதை. மாமா ஒருவர் அம்மாவிடம் "போனால் திரும்பாமல் அசைலம் அடிக்கச் சொல்லு, இப்படிச் சந்தர்ப்பம் இனி வராது" என்று, அகதித் தஞ்சம் கேட்கச் சொல்லி ஓதுகிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யோசிக்கிறா.

லாச்சப்பல் அக்கா பதில்:

பெட்டிக் கேள்விக்கு ஒருவரும் வரவில்லை, நான் சொல்கிறேன். நான் இருப்பது பாரிஸ், ஆனால் சாப்பாட்டுச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒன்றுதான்.

இறைச்சி, பால் கலந்தது ஒன்றும் கூடாது, ஆகவே நெய்யும் பால்மாவும் வீட்டில் நிற்கட்டும். கருவாடு கொண்டுவரலாம், மீன் வகை 20 கிலோ வரை விடுகிறார்கள், ஆனால் காற்றுப் புகாமல் சுற்றாவிட்டால் விமானத்தில் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்காரர் உங்களைச் சபிப்பார். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் முடியாது, கறுத்தக்கொழும்பானை நினைத்து அழுதாலும் விடமாட்டார்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்பது வேடிக்கை, ஆனால் தேங்காயை ஆர் சுமப்பது?

மிளகாய்த்தூள் கட்டாயம். இங்கே தமிழ்க் கடைகளில் தூள் இருக்கிறது, ஆனால் அம்மா வறுத்து இடித்ததுக்கு அது கிட்டவும் வராது. ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி கொஞ்சம். அரிசி, பருப்பு வேண்டாம், மூலைக்கு மூலை கிடைக்கும். குளிர் ஜாக்கெட்டைக் கொழும்பில் வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள், பெரியம்மாவிடம் பழையது ஒன்று சும்மா தொங்கும். நம்முடைய மூன்று சதுரக் கால் பிளக் அங்கே ஏறாது, மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதால் அடப்டர் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் பூட்டு, வந்து இறங்கும் நாள் ஞாயிறு என்றால் பாணும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

ஆரியகுளத்தடி:

விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள் தங்கச்சி. இடம் கிடைக்காவிட்டால் பெரியப்பா வீடு இருக்கிறது, ஆனால் விடுதியை விட்டுவிட்டுப் பிறகு தேடினால் கிடைக்காது. உறவு வீட்டில் நின்றால் இரவு ஆய்வுகூடத்தில் நிற்பதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும், சமையலுக்கும் நிற்க வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு பழகாமலே ஆறு மாதம் போய்விடும். சனி ஞாயிறில் போய் வாருங்கள், அவருக்கும் சந்தோசம். 2002-ல் குடமுழுக்குக் கண்ட ஹாம் காமாட்சி அம்மன் கோயிலும் டோட்மண்டுக்குக் கிட்டத்தான், பெரியப்பாவே கூட்டிக்கொண்டு போவார். தேர் கோடையில், அதற்கு முதல் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். உயிருக்கு ஆபத்து என்று ஓடிப்போகிறவர்களின் வழக்கை நான் ஒன்றும் சொல்லவரவில்லை, அது வேறு. ஆனால் பரிமாற்றத்தில் போன பிள்ளை திரும்பாவிட்டால் அந்த ஒப்பந்தத்தில் அடுத்த வருசம் இடம் தருவார்களா என்பதே சந்தேகம், உங்களுக்குப் பின்னால் வரப்போகிற பிள்ளைகளின் கதவைத்தான் மாமா பூட்டச் சொல்கிறார். உங்கள் பட்டமும் பாதியில் தொங்கும். வழக்கு முடியக் காத்திருக்கிற காலத்தில் இங்கே பட்டத்தையே முடித்துவிட்டு, அதே பேராசிரியரிடம் முதுமாணிக்கு முறையாக விண்ணப்பித்து ஜெர்மனிக்கே போகலாம். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக்குக் கட்டணமும் இல்லை. இதை மாமாவிடம் வாதாடாதீர்கள், பயனில்லை. அம்மாவிடம் ஆறுதலாகக் கதையுங்கள்.

இன்னொன்று, போகமுதல் இங்கத்தைய சிம்முக்கு ரோமிங் போட்டு, வங்கி அட்டையையும் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், அங்கே போனபிறகு இதைச் சரிசெய்ய அப்பாவைச் சாவகச்சேரிக் கிளையில் வரிசையில் நிற்கவைக்க வேண்டிவரும். தூதரகத் திகதி கிடைத்ததும் இங்கே வந்து எழுதுங்கள், அன்றைக்குக் கொண்டுபோகும் கோப்பை ஒருமுறை சேர்ந்து பார்ப்போம்.