சுங்கை சிப்புட்டிலிருந்து குளுவாங்கிற்கு: அப்பாவை அழைத்துப் போக வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு அப்பாவைக் காடியில் (காரில்) பேராக்கிலிருந்து ஜோகூரில் உள்ள குளுவாங்கிற்கு அழைத்துப் போகிறேன். ரப்பர் தோட்டத்தில் அவரோடு சேர்ந்து பால்மரம் சீவிய இரண்டு நண்பர்கள், ஓய்வுபெற்ற பின் பிள்ளைகளோடு அங்கே இருக்கிறார்கள். 11 வருடமாகப் போனில்தான் பேச்சு. ஸ்டோர் வாசலில் மூவரும் நிற்கும் பழைய படத்தை அப்பா தினமும் எடுத்து வேட்டி நுனியால் துடைக்கிறார். அதன் மூலையில் பால் கறை இன்னும் இருக்கிறது.

ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஈப்போவில் நெடுஞ்சாலை ஏறி, ஆயர் ஈத்தாமில் இறங்கிப் போவதாகத் திட்டம். அப்பாவுக்கு வயது 76, மூட்டுவலி. ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது. ஒரே நாளில் போய்விடலாமா, சிரம்பானில் ஓர் இரவு தங்கலாமா? தங்குவதென்றால் படி ஏறாத அறை வேண்டும். கோலாலம்பூர் நெரிசலை எத்தனை மணிக்குத் தாண்டுவது நல்லது? ஏப்ரலில் சாயங்காலமானால் இடி மழை கொட்டும், அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வழியில் எந்த ஓய்விடத்தில் உட்காரும் கழிப்பறை சுத்தமாக, கைப்பிடியோடு இருக்கிறது? இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். போன முறை ஓரிடத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழப் பார்த்தார், நல்லவேளை நான் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம், தம்புன் பம்பளிமாஸ் வாங்கிக்கொண்டு போகிறோம். மூவரையும் ஒன்றாகக் குளுவாங் ரயில் காப்பிக் கடையில் உட்காரவைத்துப் பசியாற வைக்க ஆசை. சக்கர நாற்காலி எளிதாகப் போகும் கிளை எது? ஜோகூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.