மறுமொழி: 'ரேடியம் ஸ்டிக்கர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் 'ரேடியம் ஸ்டிக்கர்' பட்டைக்கு, நம் சைக்கிள் பாதுகாப்புத் துண்டறிக்கையில் என்ன தமிழ்ப் பெயர் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'ஒளிரும் பட்டை' என்றே போட்டுவிடலாமே. படிக்கிறவர்களுக்குப் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். இந்தத் துண்டறிக்கை பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு, விடியுமுன் மேலூர் சாலையில் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கானது. 'ஒளிரும்' என்று எழுதினால் பட்டை தானே வெளிச்சம் தரும், பின்விளக்கு வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். 'ரேடியம்' என்ற பெயரிலும் அதே சிக்கல்தான். பழைய கடிகார முள்ளில் பூசிய ரேடியச் சாயம் இருட்டில் தானாக மினுங்கியது. இன்று கடையில் வாங்கும் ஸ்டிக்கரில் ரேடியம் துளிகூடக் கிடையாது.

பட்டையில் இருப்பவை நுண்ணிய கண்ணாடி மணிகள், அல்லது பெட்டியின் உள்மூலை போன்ற சின்னச் சின்ன வடிவங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, சாய்வாக விழும் ஒளியை மறுபக்கம் தள்ளிவிடும். இவை அப்படியில்லை, வந்த திசைக்கே ஒளியை அனுப்பும். அதனால் லாரியின் முகப்பு வெளிச்சம் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கே போகிறது. ஓரத்தில் டீக்கடையில் நிற்பவருக்கு அது வெறும் சாம்பல் நிறத் துணி.

வாங்கும்போதே சோதிக்கலாம். கடையில் விளக்கு மங்கலான மூலையில் பட்டையை வைத்துவிட்டு, நாலைந்து அடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணோரம் நெற்றிப்பொட்டில் வைத்துப் பாருங்கள். நல்ல பட்டை என்றால் பளீரென்று தெரியும். டார்ச்சைப் பக்கத்தில் தள்ளி நிற்பவர் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்தால் மங்கிவிடும். வெறும் வெள்ளி முலாம் பூசிய ஜிகினாத் துணி இந்தச் சோதனையில் தேறாது. துண்டறிக்கையில் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

> பாடநூலில் 'எதிரொளிப்பு' இருக்கிறது. முன்னால் 'பின்' சேர்த்தால் முடிந்தது.

'பின்னெதிரொளிப்பான்' என்று சைக்கிள்காரரிடம் சொன்னால், பின்சக்கரத்துக்கு மேல் மாட்டும் சிவப்பு வில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். முன்னால் மாட்டும் வெள்ளை வில்லையை 'முன் பின்னெதிரொளிப்பான்' என்பதா?

'பூனைக்கண் பட்டை' என்று ஒருவர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1934-இல் பெர்சி ஷா என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய, சாலையில் பதிக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் குமிழுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

என் பரிந்துரை 'ஒளிதிருப்பி'. சித்திரைத் திருவிழாவில் போக்குவரத்தைத் 'திருப்பி விடுவது' வேறு பக்கம் அனுப்புவதுதானே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 'விடு' சேரும்போதுதான் அந்தப் பொருள் வருகிறது. கடனைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவருக்கே போகிறது; பந்தைத் திருப்பி எறிந்தாலும் அப்படியே. நமக்கு வேண்டியது அந்தப் பொருள்தான்.

'ஒளிர்' என்பதை நியான் பச்சை, நியான் ஆரஞ்சுத் துணிகளுக்கு விட்டுவைப்போம். அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குபவை. பகலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் அபாரமாகத் தெரியும். இரவில் புற ஊதாவுக்கு எங்கே போவது? ஆகவே 'பகலுக்கு ஒளிர்துணி, இரவுக்கு ஒளிதிருப்பி' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதை எப்போது வாங்குவது என்ற குழப்பமே வராது. பட்டையைக் கணுக்காலில் கட்டச் சொல்லுங்கள். முதுகில் பை தொங்கினால் சட்டையில் ஒட்டியது மறைந்துவிடும். கால் ஏறி இறங்கும் அசைவைப் பார்த்தே அது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் பிடிபட்டுவிடும்.

தலைக்கவசம் பற்றி ஒரு வரி. அப்பாவின் பைக் ஹெல்மெட்டே போதும் என்பதைத் துண்டறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். மதுரை வெயிலில் மிதிக்கிற பிள்ளை இரண்டாம் நாள் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடும். சைக்கிள் தலைக்கவசம் சுமார் 300 கிராம்தான், காற்று போக வழியும் உண்டு. ஒருமுறை பலமாக அடி வாங்கினால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கிவிடும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

அச்சில் முதல் இடத்தில் மட்டும் 'ஒளிதிருப்பிப் பட்டை (ரேடியம் ஸ்டிக்கர்)' என்று போடலாம். கடையில் பிள்ளைகள் கேட்கப்போவது 'ரேடியம் ஸ்டிக்கர்' என்ற பெயரைத்தான். 'ப்' மிகுமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொன்னால், திருத்திய படியை அனுப்பிவிடுகிறேன்.