கோர்ஜெட் பிஞ்சுகள் அழுகி விழுகின்றன, பூசணிக் கொடியில் பூவே இல்லை: உதவி தேவை

புதுமண்வெட்டி (ஜூலை 3, காலை 7.05)

வணக்கம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தோட்டம் போட்டிருக்கிறேன். கோர்ஜெட் ஆறு செடிகள், பூசணி ஒரு கொடி. கோர்ஜெட்டில் நாள்தோறும் பிஞ்சு வைக்கிறது. சுண்டுவிரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகி, இரண்டு நாளில் கொழகொழவென்று அழுகி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. இதுவரை பதினொன்று போய்விட்டன. பூசணிக் கொடியோ வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிட்டது, ஆனால் ஒரு பூவைக்கூடக் காணோம். தண்ணீர் ஒழுங்காக ஊற்றுகிறேன், உரமும் வைக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

மொட்டைமாடி (காலை 7.40)

ஐயமே வேண்டாம், இது பழ ஈயின் வேலை. ஈ பிஞ்சில் துளையிட்டு முட்டை வைத்துவிடும், உள்ளே புழு நெளியும், வெளியே அழுகலாகத் தெரியும். கருவாட்டுப் பொறி ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஜூலை வெயிலுக்கு ஐம்பது விழுக்காடு நிழல்வலையும் அவசியம். கோர்ஜெட் என்பது என்ன காய் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பூசணிக் குடும்பமாக இருந்தால் மருந்து இதுதான்.

அரசாணித்தோட்டம் (காலை 8.15)

அம்மா, நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. தரையிலா, தொட்டியிலா, பையிலா? எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது? உரம் என்றால் எந்த உரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை? அழுகிய பிஞ்சை வெட்டிப் பார்த்தீர்களா, உள்ளே புழு இருந்ததா? பூசணி என்கிறீர்களே, அது வெள்ளையா மஞ்சளா? எங்கள் கோவைப் பக்கம் பூசணி என்றால் வெள்ளைதான், மஞ்சளை அரசாணி என்போம். இவற்றைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

ஓட்டுத்தூள் (காலை 8.50)

நுனியிலிருந்து அழுகினால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைபாடு. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துச் செடிக்கு இரண்டு கரண்டி போடுங்கள். என் தக்காளியில் இதே நுனி அழுகல் வந்து, ஓட்டுத்தூள் போட்ட பிறகு நின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி வீதம் பஞ்சகவ்யம் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்து வாருங்கள்.

வேர்முடிச்சு (காலை 9.30)

கேள்வியைப் படிக்காமலேயே பதில் எழுதும் வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. கோர்ஜெட் என்பது சுக்கினிக்குப் பிரிட்டனில் வழங்கும் பெயர். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் எவரும் அதை அப்படி அழைப்பதில்லை, கடைக்காரரும் சுக்கினி என்றுதான் விற்கிறார். ஆகவே கேட்டவர் இருக்கும் ஊரில் நிழல்வலைக்கு வேலையில்லை, கொடிக்காய்களைக் கெடுக்கும் நம்மூர்ப் பழ ஈயும் அங்கே கிடையாது. சுண்ணாம்புக் குறைபாட்டைப் பற்றியும் ஒரு சொல்: தரையில் போட்ட ஓட்டுத்தூள் கரைந்து வேருக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். தக்காளியில் நின்றது நண்பர் தண்ணீரை ஒழுங்குபடுத்தியதால் இருக்கலாம்.

சுக்கினியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும் என்பதும், மகரந்தம் சேராத பெண் பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளாகி அழுகி உதிரும் என்பதும் தொடக்கப் பாடம். அதை அறியாமல் செடி வைப்பது, வாய்க்கால் வெட்டாமல் நாற்று நடுவதைப் போன்றது.

புதுமண்வெட்டி (இரவு 9.10)

மன்னிக்கவும், ஊரைச் சொல்ல மறந்துவிட்டேன். லண்டனுக்கு வடமேற்கே இருக்கிறேன். ஆறு கோர்ஜெட்டும் தோட்டக் கடையில் வாங்கிய மண் பைகள் இரண்டில், பைக்கு மூன்றாக. பூசணி வேலியோரம் தரையில் இருக்கிறது. அது மஞ்சள் பூசணி, சென்ற ஆண்டு மன்னார்குடிக்குப் போனபோது அம்மா கொடுத்த விதை. உரம் கோழி எருக் குருணை, வாரம் ஒரு கைப்பிடி. ஒரு பிஞ்சை வெட்டிப் பார்த்தேன், புழு இல்லை. பூ ஆணா பெண்ணா என்று பார்க்கத் தெரியவில்லை. வேலை முடிந்து நான் வரும்போது எல்லாமே மூடிக் கிடக்கின்றன.

யாழ்முற்றம் (இரவு 10.25)

தங்கச்சி, நானும் லண்டனில்தான் இருக்கிறேன், பதினான்கு கோடைகளாகக் கோர்ஜெட் போடுகிறேன். உங்கள் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. பூ விடியலில் விரியும், முற்பகலுக்குள் சுருங்கிவிடும், மறுநாள் திரும்ப விரியாது. மாலையில் வந்து பார்ப்பவருக்கு அழுகிய பிஞ்சு மட்டுமே கண்ணில் படும்.

நாளைக் காலை ஆறு மணிக்கு முன்பே போய்ப் பாருங்கள். பூவின் இதழ்களைப் பார்க்க வேண்டாம், அடியைப் பாருங்கள். மெல்லிய நீண்ட காம்பில் நேராக நின்றால் ஆண் பூ. காம்புக்கும் பூவுக்கும் நடுவே விரல்போல் ஒரு குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களைப் பிய்த்தெறிந்தால் நடுவில் மஞ்சள் தூள் படிந்த ஒற்றைத் தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள பிளவுபட்ட சூல்முடியில் நான்கு பக்கமும் பூசுங்கள். தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மழையில் நனைந்த பூவென்றால் தூள் கட்டிபட்டுப் பயன்படாமல் போகும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். சேர்ந்துவிட்டால் மூன்றாம் நாளே காய் தடிப்பது தெரியும்.

இந்த நாட்டில் குளிரும் மழையுமாக ஒரு வாரம் போனால் தேனீக்கள் வெளியே வருவதில்லை. அதோடு, நம்மூர்ப் பூசணியில் முதலில் ஆண் பூக்கள் வருவதுபோல் இங்கே நடப்பதில்லை. குளிர்ந்த பருவத் தொடக்கத்தில் கோர்ஜெட் முதலில் பெண் பூக்களை மட்டுமே வைப்பதுண்டு. அப்போது பூசுவதற்கு ஆண் பூவே கிடைக்காது, பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த ஆண்டு, மகரந்தம் சேராமலேயே காய்க்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பார்த்தனான் என்ற ரகம் அப்படிப்பட்டது.

ஒரு பையில் மூன்று செடி அதிகம், ஒன்றே நிறைவு, இரண்டு எல்லை. தரையென்றால் செடிக்குச் செடி தொண்ணூறு சென்டிமீட்டராவது விடுவோம். கோழி எருவை நிறுத்துங்கள். அதில் தழைச்சத்து மிகுதி, இலை யானைக் காதுபோல் வரும், காய் வராது. காய் பிடிக்கத் தொடங்கியதும் தக்காளிக்கென்று விற்கும் சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தைக் கொடுங்கள்.

மொட்டைமாடி (ஜூலை 4, காலை 6.20)

பழ ஈ அங்கே இல்லை என்றால் என் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஓர் ஐயம். கோர்ஜெட்டையும் பூசணியையும் அருகருகே வைத்தால் இரண்டும் கலந்து காய் கெட்டுப்போகாதா? எங்கள் தெருவில் ஒருவர் சுரைக்குப் பக்கத்தில் பீர்க்கு வைத்ததால்தான் பீர்க்கு கசந்தது என்கிறார்.

வேர்முடிச்சு (காலை 7.15)

சுரையும் பீர்க்கும் எந்தக் காலத்திலும் கலவா, அவை வெவ்வேறு பேரினங்கள். கலக்கக்கூடிய செடிகளாகவே இருந்தாலும், இந்த ஆண்டுக் காயின் சதை தாய்ச்செடியின் சதைதான், எந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் அதன் சுவை மாறாது. கலப்பு விதைக்குள் மட்டுமே இருக்கும், அதை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால்தான் வெளிப்படும்.

அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கோர்ஜெட்டும், அழகுக்காக வளர்க்கும் கசப்புக் குடுக்கைகள் பலவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் பூக்கும் இடத்தில் விதை எடுத்தால், அடுத்த தலைமுறைக் காயில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு தலைதூக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது. 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். ஆகவே கோர்ஜெட் விதையைச் சேமிக்க வேண்டாம், ஆண்டுதோறும் கடையில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சமைக்கும் முன் பச்சையாக நுனியளவு நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். பாகற்காய் தின்று பழகிய நாக்கு நமக்கு, கசப்பென்றால் மருந்து என்று விழுங்கிவிடுவோம்.

அரசாணித்தோட்டம் (காலை 8.05)

கோர்ஜெட் தீர்ந்தது, அரசாணிக்கு வருவோம். வேலியைத் தாண்டிய கொடியில் ஆண் பூகூட இல்லை என்பது எனக்குப் புதிராக இருக்கிறது.

பரங்கிப்பூ (காலை 9.40)

அதை அரசாணி என்றும் பூசணி என்றும் எழுதிக் குழப்பாதீர்கள். தஞ்சைப் பக்கத்து விதை என்றால் அதன் பெயர் பரங்கி. அமெரிக்கக் கண்டத்துக் காய், பரங்கியர் வழியாக வந்ததால் பரங்கிக்காய் ஆயிற்று. பூசணி என்பது அதற்கு முன்பே இங்கிருந்த வெள்ளைக் காய்க்கு உரிய பெயர்.

யாழ்முற்றம் (காலை 10.10)

எங்கள் ஊரில் மஞ்சள் காய்தான் பூசணி, வெள்ளையை நீற்றுப்பூசணி என்போம். தங்கச்சி பூசணி என்று எழுதியது எனக்குச் சரியாகவே விளங்கியது. பெயரைத் திருத்தினால் பூ வந்துவிடுமா?

அரசாணித்தோட்டம் (காலை 10.30)

கன்னியாகுமரிப் பக்கத்தில் வெள்ளையைத் தடியங்காய் என்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயர் விளங்காததால்தானே நான் வெள்ளையா மஞ்சளா என்று கேட்டேன்? வெள்ளைக்குச் சொல்லும் யோசனை மஞ்சளுக்குப் பொருந்தாது, இரண்டும் வேறு வேறு பேரினங்கள்.

பரங்கிப்பூ (காலை 11.20)

பெயரைத் திருத்தியதில் ஒரு பயன் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். மார்கழி மாதத்தில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகுகிறோமே, அது இந்தப் பரங்கிக் கொடியின் பூ. மார்கழியில் நம்மூரில் பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனியிலும்கூடப் பகல் பதின்மூன்று மணி நேரத்தை எட்டாது. லண்டனில் இப்போது பதினாறரை மணி நேரம் பகல். வெப்பநாட்டு நாட்டுப் பரங்கி ரகங்களில் சில, பகல் சுருங்கினால் மட்டுமே பூக்கும். மன்னார்குடி விதை அப்படிப்பட்டதாக இருந்தால், அந்தக் கொடி இரவு நீளட்டும் என்று காத்திருக்கிறது. இலையும் தண்டும் இத்தனை செழிப்பாக இருந்தும் ஒரு பூவும் இல்லாததற்கு, கோழி எருவை விட இதுவே பொருத்தமான காரணமாக எனக்குப் படுகிறது. நான் சொல்வது தவறென்று வேர்முடிச்சு ஐயா காட்டினால் ஏற்றுக்கொள்வேன்.

வேர்முடிச்சு (பகல் 12.45)

தவறில்லை. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில்தான் லண்டனில் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். அப்போது பூத்தாலும், பரங்கி முற்ற வேண்டிய வெப்பம் அக்டோபரில் அங்கே இருக்காது. அடுத்த ஆண்டு ஊர் விதையை விட்டுவிட்டு, உச்சிக்கி குரி போன்ற ரகத்தைப் போடட்டும். ஜப்பானில் உருவான அது ஒன்றரைக் கிலோ அளவில் காய்க்கும், பிரிட்டன் கோடையிலேயே முற்றும், சாம்பாருக்கும் எரிசேரிக்கும் நன்றாகவே இருக்கும். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, உறைபனி நின்ற பிறகு மே இறுதியில் வெளியே நடவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு நடவு விதை கொண்டுபோகப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டியில் போட்டுக் கொண்டுபோவது விதிப்படி குற்றம்.

ஓட்டுத்தூள் (பிற்பகல் 1.30)

அம்மா கொடுத்த ஆறு விதைக்குச் சான்றிதழா?

வேர்முடிச்சு (பிற்பகல் 1.50)

நோய்க்கு அம்மா யார், அயலார் யார் என்று தெரியாது.

அரசாணித்தோட்டம் (ஜூலை 9, காலை 7.00)

புதுமண்வெட்டி அம்மா, ஐந்து நாளாகிறது. காலையில் போய்ப் பார்த்தீர்களா? விதைப் பேச்சில் மனம் சலித்துவிட வேண்டாம், பூவைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

மொட்டைமாடி (ஜூலை 12, மாலை 6.15)

இலையில் வெண்ணிறத் தூள்போல் ஏதேனும் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவச் சொல்லிப் பலர் வருவார்கள், பூசணிக் குடும்பத்துச் செடியின் இலையை அது கருக்கிவிடும். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தெளிப்பது தேவலை. இதைச் சுக்கினிச் செடியிலேயே சோதித்துப் பயனைக் கண்டு 1999-இல் பிரேசிலில் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். இம்முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புதுமண்வெட்டி (ஜூலை 19, காலை 5.55)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான்கு நாள் காலையில் போய்ப் பார்த்ததில் எல்லாமே பெண் பூக்கள். ஐந்தாம் நாள் ஆண் பூ ஒன்று கிடைத்தது, மூன்று பெண் பூக்களுக்குப் பூசினேன். ஒன்று அழுகிவிட்டது, இரண்டு பிடித்துக்கொண்டன, பெரியது இன்று ஒரு சாண் இருக்கிறது. பைக்கு ஒரு செடியைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கும்போது அழுகை வந்தது. பரங்கியில் இன்னும் பூ இல்லை. வேலைக்கு நேரமாகிறது, அனைவருக்கும் நன்றி.

யாழ்முற்றம் (காலை 7.30)

ஒரு சாண் வந்தால் இன்றே அறுத்துவிடுங்கள் தங்கச்சி. விட்டுவைத்தால் நான்கே நாளில் முழங்கை அளவாகி, உள்ளே விதை முற்றி, செடியும் அடுத்த பிஞ்சு வைப்பதை நிறுத்திவிடும்.

பரங்கிப்பூ (காலை 8.10)

பரங்கிக் கொடியைப் பிடுங்க வேண்டாம். நுனித் தளிரை ஒரு முழம் கிள்ளி, நாரை உரித்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்யுங்கள். வேலிக்கு அப்பால் போயிருக்கும் தளிரைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் கிள்ளுங்கள்.